அவர் பெயரில் நான் போட்ட சரி

இனிமேல் எழுத வேண்டாம், குரலில் பேசிக்கொள்ளலாம் என்று முதலில் கிளப்பியவன் எங்கள் குழுவின் தலைவன். அவன் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்பதால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால், பாவம் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன். எனக்குப் பேச்சு திக்கும் என்பது அவனுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். வருகைப் பதிவில் 'உள்ளேன் ஐயா' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாத்தியார் இரண்டு பெயர் தாண்டிப் போயிருப்பார். வகுப்பே சிரிக்கும். பக்கத்தில் இருந்துகொண்டு டெஸ்க்கில் முகத்தை வைத்துச் சிரித்தவன் அவன்.

இது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது. திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒரு மாலை வகுப்பு நடத்தினோம். பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு பெண்ணை வைத்திருந்தோம். நிர்வாகம் ஐந்து பேர், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. தலைவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஒருவன் சிங்கப்பூரில். ஒரு டீச்சரக்கா, விருதுநகரில் பிறந்து வளர்ந்து சென்னையில் வாழ்க்கைப்பட்டவர். நான்காவது நான், செயலாளர். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டைப்செட்டிங் வேலை. ஐந்தாவது அந்த ஊர்க்காரர் ஒருவர். கம்பெனி வேன் ஓட்டுகிறவர். விடியும் முன்னே ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். அவரை நாங்கள் எல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஆளுக்கொரு திசையில் இருந்ததால் இணையத்தில் சாட் செய்தே நடத்தினோம். திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் அடித்த கேபினுக்குள் நானும் டிரைவர் அண்ணனும் நெருக்கி உட்காருவோம்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் மாதத்தில் நான் மனிதனாக இருந்த நேரம் என்று சொன்னால் மிகையில்லை. காலையிலிருந்து இரவு வரை கீபோர்டில் கிடக்கிற விரல்கள். மற்றவர்கள் ஒரு வரி அடிப்பதற்குள் நான் நாலு வரி அடித்துவிடுவேன். வாயில் 'கூடாது' என்ற சொல்லை எடுக்க எனக்கு அரை நிமிடம் ஆகும், அதற்குள் எதிரே இருப்பவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். சாட்டில் அதே 'கூடாது' படீரென்று விழும். சிங்கப்பூர்க்காரன் ஒருமுறை 'ஏன்டா இப்படி அடிக்கிற' என்று எழுதினான். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. ஒருத்தன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறான் என்பது எனக்குப் புதுசு.

அப்போதெல்லாம் சாட்டில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். டிரைவர் அண்ணன் ஐந்தாவது வரை படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கில எழுத்தில் கிடக்கும் தமிழ் அவருக்குச் சுத்தமாகப் பிடிபடாது. அதனால் திரையில் என்ன ஓடுகிறது என்று நான் அவருக்கு இரண்டு சொல்லில் சொல்வேன். அதையும் திக்கித்தான் சொல்வேன். அவர் பதில் சொல்வார். 'டிரைவர் அண்ணன் சொல்கிறார்' என்று போட்டு நான் அடிப்பேன். எந்த முடிவானாலும் ஐந்து பேரும் 'சரி' என்று போட்டால்தான் செல்லும் என்று விதி வைத்திருந்தோம். விதியை எழுதியவன் நானேதான்.

அந்த ஏற்பாட்டில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். அவர் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார். கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி கேட்பார். அடிக்க அலுப்பாக இருக்கும். போகப் போகச் சுருக்க ஆரம்பித்தேன். பிறகு சுருக்கியதில் எனக்கு எது தோதோ அது நின்றது.

குரல் பேச்சு வருவதற்கு ஒரு வருடம் முன்பு, ஒரு சாயங்காலம் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகள் இஷ்டத்துக்கு வந்தார்கள். ஆறு மணிக்கு ஒன்று, ஆறே முக்காலுக்கு இரண்டு. ஏழரைக்கு ஒரு பெண், பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும், இடுப்பில் ஒரு பயலைத் தூக்கிக்கொண்டு நுழைந்தது. அந்தப் பயல் அழ, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்க, சொல்லிக் கொடுக்கும் பெண் பாடத்தை நிறுத்த, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓசியில் கிடைப்பதால் இளக்காரம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டேன்: ஆறு மணிக்குக் கதவை அடைத்துவிட வேண்டும், ஒரு வாரத்தில் மூன்று நாள் பிந்தி வருகிற பிள்ளையின் பெயரை எடுத்துவிட வேண்டும்.

டிரைவர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். "ஆறு மணிக்கு வேன் எங்கன கெடக்கும்னு நெனைக்கீக தம்பி?"

அது ஒரு கேள்வி, மறுப்பு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையில் மற்ற மூன்று பேருடைய 'சரி'யும் விழுந்துவிட்டது. டிரைவர் அண்ணன் சரி என்கிறார் என்று அடித்தேன். தீர்மானம் நிறைவேறியது. அந்த ஆண்டு தீபாவளி சீசனில் நாலு பிள்ளைகளின் பெயரை எடுத்தோம். நாலும் பெண் பிள்ளைகள். எடுத்தோம் என்று இப்போது பன்மையில் சொல்கிறேன், பட்டியலில் கோடு போட்டது என் பேனா.

பிறகுதான் தலைவன் குரலைக் கொண்டுவந்தான். ஹெட்செட் இருந்தால் போதும், இணையத்திலேயே ஐந்து பேரும் ஒன்றாகப் பேசலாம், காசு கிடையாது, இவ்வளவு நேரம் டைப் அடித்துச் சாக வேண்டாம் என்று நீளமாக எழுதியிருந்தான். அதை வாசிக்க வாசிக்க எனக்குக் காது சூடானது. என் வாயை அடைக்கத்தான் திட்டம் போடுகிறான் என்று நினைத்தேன். இத்தனை மாதம் நான் அவன் யோசனைகளை வெட்டிச் சாய்த்ததற்கு இது பழி. 'கூடாது' என்று அடித்தேன். எழுத்தில் இருந்தால்தான் ஆதாரம் இருக்கும், குரலில் சொன்னது காற்றோடு போய்விடும் என்று காரணமும் கொடுத்தேன். பக்கத்தில் டிரைவர் அண்ணன் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"பேசுறதுன்னா நல்லதுதானே தம்பி. நமக்கும் வெளங்கும்ல" என்றார்.

டிரைவர் அண்ணனும் வேண்டாம் என்கிறார் என்று அடித்தேன். முதல் தடவை சுருக்கினேன் என்று சமாதானம் சொல்லலாம். இது பச்சைப் பொய். விரல் கொஞ்சமும் தயங்கவில்லை.

அப்படியும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றேன். ஐந்து பேரும் சரி சொல்ல வேண்டும் என்ற விதியைத் தூக்கிக் காட்டினேன். கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கு விதி வேண்டாம், பெரும்பான்மை போதும் என்று டீச்சரக்கா எழுதினார். என் விதியோடு சேர்த்து என்னையும் ஒதுக்கினார்கள்.

முதல் குரல் கூட்டத்துக்குப் போனபோது பிரவுசிங் சென்டர்காரர் ஒரு சின்ன மைக்கையும் இரண்டு ஸ்பீக்கரையும் எடுத்து வைத்தார். பக்கத்து கேபினில் தேர்வு முடிவு பார்க்க வந்த பெண்கள் இருந்தார்கள். ஸ்பீக்கரில் பேசுவது அவர்களுக்கும் கேட்கும், நான் பேசுவதும் கேட்கும். தலைவன் உற்சாகமாக எல்லோரையும் கூப்பிட்டு நலம் விசாரித்தான். என் முறை வந்தது. வணக்கம் சொன்னால் போதும். 'வ' என்ற எழுத்து உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டது.

"லைன் விட்டு விட்டு வருது. கட் பண்ணிட்டுத் திரும்ப வாங்க" என்றார் டீச்சரக்கா. அவர் என்னை நேரில் பார்த்ததே இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

தலைவனுக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் இணைப்பைத் துண்டித்தேன். பக்கத்து கேபினில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். தேர்வு முடிவுக்காகக்கூட இருக்கலாம், ஆனால் அன்று உலகத்தில் யார் சிரித்தாலும் எனக்காகத்தான் சிரித்தார்கள். மறுபடி உள்ளே போய்க் கடைசி வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் முடிந்தது பார்த்தீர்களா என்று தலைவன் ராத்திரி மெயில் அனுப்பினான். கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் பேச முடியாவிட்டால் என்ன, டிரைவர் அண்ணனுக்கு வாய் இருக்கிறதே. சாட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதற்கு ஆறு காரணங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துப் போனேன். எழுத்துக்கூட்டி அவர் வாசித்தால் போதும், அவர் சொன்னதாகவே பதிவாகும். தாளை அவர் வாங்கி ஒரு பார்வை பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்புறம் சொல்லுதேன்" என்றார்.

தீபாவளிக்கு மூன்று மாதம் இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று டீச்சரக்கா கேட்டார். நான் தாளை எடுக்கச் சொல்லி டிரைவர் அண்ணனின் சட்டைப் பையைக் காட்டினேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் சொல்லட்டுமா டீச்சர்? ஆறு மணிக்குக் கதவ அடைக்கச் சொல்லிட்டீக. சீசன்ல வேன் ஊருக்குள்ள வாரதே ஏழே கால். அது வரைக்கும் வீட்டுல கெடக்குற கைப்புள்ளைகள யாரு பாப்பா? மூத்த பொட்டப்புள்ளதான் பாக்கணும். ஆத்தாகாரி வேன விட்டு எறங்குன பெறகுதான் அது பையத் தூக்கும். அந்நேரம் இங்கன கதவு சாத்திக் கெடக்கு."

ஸ்பீக்கரில் டீச்சரக்கா கேட்டார். "இத தீர்மானம் போடும்போதே சொல்லியிருக்கலாமேண்ணே? நீங்களும் சரின்னுதானே போட்டிருந்தீக?"

"கேட்டேனே டீச்சர். ஆறு மணிக்கு வேன் எங்கன கெடக்கும்னு கேட்டேன். படிச்சவுக அதையும் யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருக்கீகன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

அந்த ஊரில் அப்படித்தான். முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், ஒரு கேள்வியாகக் கேட்டு வைப்பார்கள். கேட்டதற்கு மேல் ஒரு முடிவு வந்தால், கேள்வியை எடைபோட்டுத்தான் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊரிலேயே பிறந்த எனக்கு அது தெரியாமல் இல்லை.

அடுத்தது தலைவன் குரல். "வாய்ஸ் வேண்டாம்னும் நீங்க சொன்னதா இருக்கேண்ணே?"

"நானா? பேசுறது நல்லதுன்னுல்ல சொன்னேன்." டிரைவர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, நான் சரிசெய்வேன் என்று எதிர்பார்த்தார். "சொல்லுங்க தம்பி. நான் அப்படித்தான சொன்னேன்?"

மூன்று ஊரிலிருந்து மூன்று பேர் காத்திருந்தார்கள். எனக்கு 'அ' எடுக்கவில்லை. கழுத்து நரம்பு இழுக்கிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது. லைன் சரியில்லை என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை.

"ஏலே" என்றான் தலைவன், மெதுவாக. "அவரு சொன்னத நீ மாத்தியா எழுதுன?"

இரண்டு சொல் மனதில் வரிசையில் நின்றன. 'இல்லை' முன்னால் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பார்கள், எழுத்தெல்லாம் என்னிடம்தான் இருந்தது. ஆனால் டிரைவர் அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை அடி தூரத்தில் அவர் முகம்.

"ஆ... ஆமா" என்றேன்.

அவர் மைக்கைத் தள்ளி வைத்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அந்த நாலு புள்ளைல மூத்தது, தம்பிய இடுப்புல தூக்கிட்டு வரும்லா, அது இப்ப கம்பெனிக்கு என் வேன்லதான் ஏறுது. விடியக்காலம் முன்னாடி சீட்டுல உக்காந்து தூங்கிட்டே வரும்." பிறகு சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமலே என் மடியில் வைத்தார்.

அன்றைக்கே தீர்மானம் மாறியது. சீசன் முடியும் வரை வேன் வந்த பிறகுதான் வகுப்பு. பாடம் சொல்லும் பெண்ணைக் கடைசி பஸ்ஸுக்கு டிரைவர் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிடுவார். எடுத்த பெயர்களைத் திரும்பச் சேர்த்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். நான்காவது வரவில்லை. அவள் வீட்டுக்கு நான் போகவும் இல்லை. போய் என்ன பேசுவது என்பதற்குத் திக்குவாயைக் காரணம் காட்டிக்கொண்டேன். அது பொய் என்று எனக்கே தெரியும்.

என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று டீச்சரக்கா சொன்னார். சிங்கப்பூர்க்காரனும் அதையே சொன்னான். தலைவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இரக்கம் காட்டுகிறான் என்று அதற்கும் அவன் மேல் எரிச்சல்பட்டேன். இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்கு நல்ல சொல் வருவதில்லை. பள்ளியில் சிரித்தவன் சிரித்தவன்தான். ஆனால் குரல் கூட்டத்தை அவன் என் வாயை அடைக்கத்தான் கொண்டுவந்தான் என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. டைப் அடித்துக் கை வலித்தும் இருக்கலாம்.

டிரைவர் அண்ணன்தான் என்னை எடுக்க வேண்டாம் என்றார். "அவரே எழுதட்டும். ஆனா என் பேருல எழுதுனத என்கிட்ட வாசிச்சுக் காட்டட்டும். அப்புறம்தான் கையெழுத்துப் போடுவேன்."

அடுத்த மாதம் குரல் கூட்டம் முடிந்ததும் கேபினிலேயே உட்கார்ந்து நோட்டில் நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். தமிழ் எழுத்தில், இரண்டு பக்கம். அவர் பக்கம் நகர்த்தி, நீங்களே பாருங்கள் என்று கையைக் காட்டினேன்.

"நீங்க வாசிங்க தம்பி" என்றார்.

நே... நேரமாகும் என்றேன்.

"ஆகட்டும். நான் எங்கன போகப் போறேன்."

வாசித்தேன். மைக் அணைந்திருந்தது என்றாலும், பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தது. பிரவுசிங் சென்டர்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். சொல் சிக்கும்போது பொதுவாக எல்லோரும் ஒன்று செய்வார்கள், அந்தச் சொல்லை அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எடுத்துக் கொடுப்பவர்களை நான் வாழ்நாள் முழுக்க வெறுத்திருக்கிறேன். இவர் எடுத்துக் கொடுக்கவில்லை. என் வாயையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் 'கூட்டத்தின்' என்று தொடங்கும் வரி ஒன்று. 'கூ' வராது என்று தெரிந்து அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

"ஒரு வரிய விட்டுட்டீக" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய அவருடைய ஆள்காட்டி விரல் நோட்டில் ஒவ்வொரு எழுத்தாக என்னோடேயே நகர்ந்து வந்திருக்கிறது. விட்ட வரியின் தொடக்கத்தில் அது நின்றது. நான் திரும்பி வந்து அந்த வரியை வாசித்தேன். வேர்த்துக் கொட்டியது. முடிய முக்கால் மணி நேரம் ஆனது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இதைச் சிலரிடம் சொன்னபோது, எவ்வளவு நல்ல மனிதர், உன் திக்குவாய் போக வேண்டும் என்றுதானே வாசிக்க வைத்தார் என்றார்கள். திக்குவாய் போகவில்லை. அவர் அதற்காக வாசிக்கச் சொல்லவும் இல்லை. அவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் குழுவில் இருந்தேன். நான் விலகிய மாதம் வரைக்கும், விலகல் கடிதம் உட்பட, முழுக்க வாசித்துக் காட்டாமல் ஒன்றில்கூட அவர் கையெழுத்துப் போடவில்லை.